முதல் வாசிப்பில் 7-0: எங்கள் வேனுக்கு நாளையிலிருந்தே தடையா?

கேள்வி: நியூ ஜெர்சியில் ஒரு டவுன்ஷிப்பில் ஒன்பது வருடமாக இருக்கிறோம். என் கணவர் கேட்டரிங் செய்கிறார். கடைப் பெயர் எழுதிய வேன் ஒன்று உண்டு, இரவில் வீட்டு முன் தெருவில்தான் நிற்கும். குடியிருப்புத் தெருக்களில் இரவு நேரத்தில் வணிக வாகனம் நிறுத்தக் கூடாது என்று 10-ம் தேதி கவுன்சில் கூட்டத்தில் ஆர்டினன்ஸ் கொண்டுவந்து 7-0 என்று நிறைவேற்றிவிட்டார்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அடுத்த கூட்டம் 24-ம் தேதி. இனி எதுவும் செய்ய முடியாதா? எங்களிடம் இருப்பது கிரீன் கார்டுதான், ஓட்டு இல்லை. மேயரைத் தனியாகத் தேர்ந்தெடுக்கும் ஊர் எங்களுடையது.

பதில்: வேனை இன்று இரவும் அதே இடத்தில் நிறுத்துங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பாதிதான் சரி. ஓட்டெடுப்பு நடந்திருக்கும், ஆனால் 10-ம் தேதி நடந்தது முதல் வாசிப்பு. இந்த வரைவை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கான சம்மதம், அவ்வளவுதான். விசாரணையும் இறுதி ஓட்டும், அதாவது இரண்டாம் வாசிப்பு, 24-ம் தேதிக் கூட்டத்தில் வரலாம்.

'ஆர்டினன்ஸ்' என்ற சொல்லே நம் ஆட்களைப் பயமுறுத்துகிறது. இந்தியாவில் அதற்கு அவசரச் சட்டம் என்று பொருள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக ஆளுநர் பிறப்பித்தாரே, அது நினைவுக்கு வரும்: சட்டமன்றம் கூடுவதற்கு முன்பே கையெழுத்தாகி, அப்போதே அமலுக்கு வந்தது. அமெரிக்க ஊராட்சிகளில் அதே சொல்லுக்கு நேர்மாறான பொருள். இங்கே ஆர்டினன்ஸ் என்றால் உள்ளூர்ச் சட்டம். அதை அவசரமாகப் போட முடியாதபடி மாநிலச் சட்டமே இடையில் நாட்களை வைத்திருக்கிறது. உங்களுக்கு வேலை இருப்பது அந்த நாட்களில்தான்.

முதல் வாசிப்பு எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். கிளார்க் ஆர்டினன்ஸின் எண்ணையும் தலைப்பையும் படிப்பார். ஒரு உறுப்பினர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். பெயர் கூப்பிட்டு ஓட்டு. இரண்டு நிமிடம் ஆனால் அதிகம். கடைசியில் எதிர்த்து ஓட்டுப்போட நினைப்பவர்கூட இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் 'யெஸ்' சொல்லிவிடுவார், மக்கள் வந்து பேசட்டுமே என்று. அதனால் அந்த 7-0 கணக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது நடைமுறை. மாநிலச் சட்டத்தின் 40:49-2 பிரிவுப்படி, முதல் வாசிப்புக்கும் இறுதி ஓட்டுக்கும் நடுவில் குறைந்தது 10 நாள் இருக்க வேண்டும். வரைவைப் பற்றிய அறிவிப்பு, பொது விசாரணை எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே என்ற விவரத்தோடு, குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்பே வெளியாக வேண்டும். பல காலமாக இது செய்தித்தாளில் பொடி எழுத்தில் வந்துகொண்டிருந்தது. 2025 பிப்ரவரியில் மாநிலத்தின் பெரிய நாளிதழான ஸ்டார்-லெட்ஜர் அச்சுப் பதிப்பை நிறுத்திய பிறகு சட்டத்தையே திருத்தினார்கள். இத்தகைய அறிவிப்புகள் ஊராட்சிகளின் சொந்த இணையதளங்களுக்கு நகர்கின்றன. முதலில் அங்கே தேடுங்கள்.

இணையத்தில் தேடுவதைவிட எளிய வழி, டவுன்ஷிப் கிளார்க் அலுவலகத்துக்கு நேரில் போவது. கிளார்க் என்றதும் நம் ஊர் தாலுகா அலுவலகத்தில் கோப்பு கட்டும் குமாஸ்தாவை நினைக்க வேண்டாம். இங்கே அது மாநிலச் சட்டத்தில் இடம்பெற்ற பதவி. கவுன்சிலின் செயலாளர், ஊரின் ஆவணங்களுக்கெல்லாம் காப்பாளர் இவர்தான். விசாரணைக்கு முந்தைய வாரம் வரைவின் பிரதியைக் கேட்பவர்களுக்குக் கொடுப்பதும் நடைமுறையின் ஒரு பகுதி. ஊரின் சட்டத் தொகுப்பைப் பல டவுன்ஷிப்கள் ஈகோட்360 தளத்தில் வைத்திருக்கின்றன. ஆனால் அங்கே இருப்பது ஏற்கெனவே நிறைவேறியவை. உங்களுக்கு வேண்டியது இன்னும் நிறைவேறாத வரைவு.

பிரதி கைக்கு வந்ததும், 'அதனால்... அதனால்...' என்று நீளும் முகவுரையைத் தாண்டி வரையறைப் பகுதிக்குப் போங்கள். உங்கள் வேனின் தலையெழுத்து அங்கேதான் இருக்கிறது. 'வணிக வாகனம்' என்றால் என்ன? வணிகப் பெயர் எழுதிய எந்த வாகனமும் என்று இருந்தால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்டவை என்று இருந்தால் ஒருவேளை தப்பலாம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவின் சட்டகத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் ஜிவிடபிள்யூஆர் (GVWR) என்று சுமையோடு சேர்ந்த அதிகபட்ச எடை பவுண்டில் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தெருவில் நிறுத்துவதை மட்டும் தடுக்கிறார்களா, உங்கள் டிரைவ்வேயையும் (வீட்டு இடத்துக்குள் வண்டி நிறுத்தும் பாதை) சேர்த்தா என்றும் பாருங்கள். தெரு என்றால் அது போக்குவரத்து விதி. அதற்குரிய அறிவிப்புப் பலகைகளும் வைக்க வேண்டியிருக்கும். டிரைவ்வேயில் என்ன நிற்கலாம் என்பதை மண்டலச் சட்டத்தை (ஜோனிங்: எந்த இடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்வது) திருத்திக் கொண்டுவந்தால் நடைமுறையே வேறு: வரைவு ஊரின் பிளானிங் போர்டுக்குப் போக வேண்டும். ஊரின் வளர்ச்சித் திட்டமான மாஸ்டர் பிளானோடு அது ஒத்துப்போகிறதா என்று சொல்ல போர்டுக்கு 35 நாள் அவகாசம் உண்டு.

சரி, ஓட்டு இல்லாதவர் பேசலாமா? தாராளமாக. விசாரணையில் 'அக்கறையுள்ள எல்லோருக்கும்' வாய்ப்பு தர வேண்டும் என்பதுதான் சட்டம் சொல்வது. குடியுரிமை, வாக்காளர் பதிவு என்று எதுவும் கேட்கவில்லை. பெயரையும் முகவரியையும் சொல்லச் சொல்வார்கள். நேரக் கட்டுப்பாடு இருக்கும். மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்று ஊருக்கு ஊர் மாறும். ஒரே ஒரு எச்சரிக்கை. கூட்டத்தில் பொதுவாகப் பேசும் நேரம் என்று தனியாக ஒன்று இருக்கும். அவசரப்பட்டு அங்கே எழுந்துவிடாதீர்கள். உங்கள் ஆர்டினன்ஸின் எண்ணைப் படித்து 'விசாரணை தொடங்குகிறது' என்று அறிவிப்பார்கள். அப்போது மைக்குக்குப் போங்கள்.

'இந்தச் சட்டமே அநியாயம்' என்று ஆரம்பிப்பவர்களுக்குக் கவுன்சில் தலையாட்டிவிட்டு ஓட்டுப்போட்டுவிடும். நான் பல வருடமாக இந்தக் கூட்டங்களில் உட்கார்ந்தவன். ஒருமுறை நடைபாதைப் பனி அள்ளும் விதி ஒன்று இரண்டாம் வாசிப்புக்கு வந்தது. பனி நின்ற 12 மணி நேரத்துக்குள் அள்ள வேண்டும் என்று வரைவு. எண்பது வயதிருக்கும் ஒருவர் மெதுவாக மைக்குக்கு வந்து, "சாயங்காலம் ஆறு மணிக்குப் பனி நின்றால் நான் ராத்திரி முழுக்கவா அள்ளுவது?" என்று கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். அரங்கில் சிரிப்பு. டவுன்ஷிப்பின் வழக்கறிஞர் குனிந்து ஏதோ எழுதினார். '12 மணி நேரம்' என்பது 'பகல் வெளிச்சத்தில் 12 மணி நேரம்' என்று மாறியது. அவர் விதியை எதிர்க்கவே இல்லை, ஒரு சொல்லைத்தான் கேட்டார். நீங்களும் அப்படிக் கேளுங்கள்: பெயர் எழுதிய வாகனம் என்பதை எடைவரம்பாக மாற்ற முடியுமா? அல்லது வீட்டுக்கு ஒரு வாகனம் என்று விலக்கு தர முடியுமா?

நீங்கள் கேட்டது கிடைத்து, வரைவின் சாரமே மாறினால், அன்றைக்கே இறுதி ஓட்டு எடுக்க முடியாது. குறைந்தது ஒரு வாரம் தள்ளிப்போட்டு, திருத்திய வடிவத்தைப் புதிதாக அறிவித்து, மறுபடி படிக்க வேண்டும். எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கெல்லாம் இது பொருந்தாது.

கிடைக்காமல் 24-ம் தேதி நிறைவேறிவிட்டால் அது மேயரின் மேசைக்குப் போகும். டவுன்ஷிப் என்ற பெயரைப் பார்த்து ஆட்சிமுறையைச் சொல்ல முடியாது, இதில் பலர் குழம்புகிறார்கள். எடிசன் டவுன்ஷிப்பில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயரும் ஏழு பேர் கவுன்சிலும் உண்டு. ஊர்கள் தங்கள் ஆட்சிமுறையைத் தேர்ந்தெடுக்க வழிசெய்து 1950-ல் வந்த ஃபாக்னர் சட்டத்தின் வழி அமைந்த முறை அது. பழைய டவுன்ஷிப் முறையில் இருக்கும் ஊர்களில் மூன்று அல்லது ஐந்து பேர் கொண்ட கமிட்டிதான். மேயர் அவர்களுக்குள்ளேயே ஒருவர், தனியாகத் தடுக்கும் அதிகாரம் (வீட்டோ) கிடையாது. உங்கள் ஊர் எடிசன் மாதிரி மேயர்-கவுன்சில் முறை என்றால், மேயருக்கு 10 நாள் உண்டு. ஒப்புதல் தரலாம், ஆட்சேபணையை எழுதித் திருப்பியும் அனுப்பலாம். திருப்பினால் அதை மீற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். ஏழு பேரில் ஐந்து. ஆகவே 24-ம் தேதியோடு வேலை முடிந்தது என்று நினைக்காமல், மறுநாளே மேயர் அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்.

ஃபாக்னர் சட்டத்தின் கீழுள்ள ஊர்களில், இறுதி நிறைவேற்றமும் மேயர் ஒப்புதலும் முடிந்து 20 நாள் கழித்துத்தான் ஆர்டினன்ஸ் அமலுக்கு வரும். அவசரம் என்று மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் தனித் தீர்மானம் போட்டால் மட்டும் இந்தக் காத்திருப்பு இல்லை. வேன் நிறுத்துவதற்கு யாரும் அவசரநிலை அறிவிக்க மாட்டார்கள். மேயர் 27-ம் தேதி கையெழுத்திட்டால்கூட உங்களுக்கு அடுத்த மாத நடுப்பகுதி வரை நேரம் இருக்கிறது.

அந்த 20 நாளுக்குள் மனு கொடுத்து ஆர்டினன்ஸை மக்கள் வாக்கெடுப்புக்கு இழுக்கும் வழியும் ஃபாக்னர் ஊர்களில் இருக்கிறது. கடைசியாக மாநில அசெம்பிளித் தேர்தல் நடந்தபோது ஊரில் பதிவான ஓட்டுகளில் 15 சதவீத அளவுக்குக் கையெழுத்து வேண்டும். போடுபவர்கள் பதிவான வாக்காளர்களாக இருக்க வேண்டும், அதாவது உங்கள் கையெழுத்து செல்லாது. மண்டலச் சட்டங்களுக்கு இந்த வழியே மூடியிருக்கிறது. ஒரு வேனுக்காக இதில் இறங்கச் சொல்ல மாட்டேன். நீதிமன்றம் போவதற்கு 45 நாள் கெடு. அறிவிப்பே வராமல், விசாரணையே நடக்காமல் நிறைவேற்றியிருந்தால் மட்டும் வழக்கறிஞரைப் பாருங்கள். விதி பிடிக்கவில்லை என்பதற்காகப் போனால் காசுதான் கரையும்.

அபராதம் எவ்வளவு என்று வரைவின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். உள்ளூர் ஆர்டினன்ஸ்களுக்கு மாநிலச் சட்டம் பொதுவாக விதித்திருக்கும் உச்சவரம்பு 2,000 டாலர்.

இந்த வாரம் கிளார்க் அலுவலகம் போய்ப் பிரதியை வாங்குங்கள். வரையறை வரியில் கோடு போட்டு, பக்கத்தில் நீங்கள் கேட்கும் மாற்றத்தை எழுதி, ஸ்டிக்கர் படத்தோடு சேர்த்து ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒன்று, வழக்கறிஞருக்கு ஒன்று என்று நகல் எடுங்கள். உங்கள் தெருவில் பிளம்பர், எலக்ட்ரீஷியன் யாராவது வேன் வைத்திருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்புறம், 24-ம் தேதி இரவுக்கு உங்கள் கணவர் ஆர்டர் எதுவும் எடுக்க வேண்டாம்.