லேவியருக்கு வேலையைப் பிரித்தது யார், எப்படி?

கேட்ட கேள்வி இது: "லேவியர் எல்லாருமே ஆசாரியர்கள்தானா? ஆசரிப்புக் கூடாரத்திலும் எருசலேம் ஆலயத்திலும் இன்னாருக்கு இன்ன வேலை என்று எப்படிப் பிரித்தார்கள்?"

ஆசரிப்புக் கூடாரம் என்பது இஸ்ரவேலர் வனாந்தரப் பயணத்தில் கழற்றிச் சுமந்துபோன கூடார ஆலயம். முதல் பாதிக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். ஆசாரியர் அத்தனை பேரும் லேவியர். ஆனால் லேவியர் அத்தனை பேரும் ஆசாரியர் அல்ல. இஸ்ரவேலரின் லேவி கோத்திரத்தில், மோசேயின் அண்ணன் ஆரோன் வீட்டார் மட்டும்தான் பலிபீடத்தில் பலி செலுத்தலாம், தூபம் காட்டலாம். மீதிப் பேர் அவர்களுக்கு உதவியாகச் சுமக்கிறவர்கள், காவல் காக்கிறவர்கள், பாடுகிறவர்கள்.

இரண்டாவது பாதிதான் சுவாரசியம். எண்ணாகமம் 3, 4 அதிகாரங்களைப் பிரசங்கத்தில் தொடுகிறவர்கள் குறைவு. குடும்ப ஜெபத்தில் வந்தாலும் வேகமாக வாசித்துத் தாண்டிவிடுவார்கள். நான் பல வருஷம் ஸ்டோர்ஸில் சரக்குக் கணக்கு எழுதியவன். எனக்கு அந்த இரண்டு அதிகாரமும் தேன். எந்தப் பொருள், யார் பொறுப்பு, யார் மேற்பார்வை, எதில் ஏற்றுவது என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கும்.

லேவிக்கு மூன்று மகன்கள்: கெர்சோன், கோகாத், மெராரி. அந்த மூன்று வம்சத்துக்கும் மூன்று விதமான சுமை. கெர்சோனியருக்குத் துணி வகை: கூடாரத் திரைகள், மூடிகள், பிராகாரத்தின் தொங்குதிரைகள். மெராரியருக்கு மரமும் உலோகமும்: 48 பலகைகள், தாழ்ப்பாள்கள், தூண்கள், அவை ஊன்றி நிற்கும் பாதங்கள், முளைகள். வெள்ளிப் பாதங்கள் மட்டுமே 100, ஒவ்வொன்றும் ஒரு தாலந்து. தாலந்தைக் குறைத்து 30 கிலோ என்று வைத்தாலும் 3 டன் ஆகிறது. அதனால்தான் பிரபுக்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த 6 வண்டிகளில் 4 மெராரியருக்கும் 2 கெர்சோனியருக்கும் போயின. கோகாத்தியருக்கு ஒன்றுகூட இல்லை. பெட்டி (பத்துக் கட்டளைக் கற்பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டி, சாட்சிப் பெட்டி என்பதும் இதுதான்), சமுகத்தப்ப மேஜை (தேவ சமுகத்தில் அப்பம் வைக்கும் மேஜை), குத்துவிளக்கு, பீடங்கள் எல்லாம் அவர்கள் தோளில்தான் வரவேண்டும்.

அந்தக் கோகாத்தியரும் தாங்களாகப் போய்த் தூக்கிவிட முடியாது. பாளயம் புறப்படும்போது ஆரோனும் அவன் குமாரரும் முதலில் உள்ளே போவார்கள். மறைவின் திரைச்சீலையை இறக்கி, அதைக் கொண்டே சாட்சிப் பெட்டியை மூடுவார்கள். அதன்மேல் தகசு என்கிற மிருகத்தின் தோல், அதற்கும் மேலே முழு நீலத் துப்பட்டி. பிறகு தண்டுகளைப் பாய்ச்சுவார்கள். மற்றச் சாமான்களுக்கெல்லாம் தோல்தான் வெளிப்பக்கம். பெட்டிக்கு மட்டும் நீலம் வெளியே. வழிநடையில் பெட்டி எது என்று தூரத்திலிருந்தே தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் மூடிக் கட்டி முடித்த பிறகுதான் கோகாத்தியர் வருவார்கள். தொட்டால் சாவு. மூடுகிற நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் சாவு. ஆக, மிக உயர்ந்த பொருளைச் சுமந்தவர்கள் அதைக் கண்ணால் பார்த்ததே கிடையாது.

மேற்பார்வைக்கு ஆரோனின் இரண்டு மகன்கள். கோகாத்தியர் எலெயாசாரின் பொறுப்பு, மற்ற இரண்டு வம்சமும் இத்தாமாரின் பொறுப்பு. மெராரியரின் சாமான்களைப் பேர்பேராக எண்ணி ஒப்படைக்க வேண்டும் என்று தனியாக ஒரு கட்டளையும் இருக்கிறது. முளையும் கயிறும்தானே காணாமல் போகிற சாமான்! எழுதினவர் அனுபவசாலி என்று அங்கேதான் தோன்றும். பயண வரிசையும் யோசித்துப் போட்டது: வண்டிக்காரர்கள் யூதாவின் கொடிக்குப் பின்னால் முன்னே போய்விடுவார்கள், கோகாத்தியர் வந்து சேருமுன் கூடாரம் நிறுத்தப்பட்டிருக்கும்.

இந்தப் பிரிவினையை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஊசாவின் கதை இருக்கிறது. தாவீது பெட்டியைப் புது வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தான். மாடுகள் மிரண்டன, ஊசா கையை நீட்டிப் பிடித்தான், அங்கேயே செத்தான். அடுத்த முறை லேவியர் தண்டுகளைத் தோள்மேல் வைத்துச் சுமந்தார்கள்.

இதுவரை சொன்னதில் ஒருவனுடைய வேலையை முடிவு செய்தது அவன் பிறப்பு. பூசல் கிளம்பியதும் அதில்தான். கோராகு கோகாத் வம்சத்தான். லேவியருக்குள் அதைவிடப் பெரிய இடம் கிடையாது. ஆனாலும் ஆசாரியப் பட்டம் ஆரோன் வீட்டுக்கு மட்டும் ஏன் என்று கேட்டான். 250 பேர் தூபகலசத்தோடு வந்து நின்றார்கள், அழிந்தார்கள். அவன் சந்ததி மட்டும் மிஞ்சி, பிற்காலத்தில் வாசல் காவலாளராகவும் பாடகராகவும் வருகிறது. தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் காத்திருப்பதே மேல் என்கிற 84-ஆம் சங்கீதத்தின் தலைப்பில் இருப்பது கோராகின் புத்திரர் பெயர்தான்.

பெட்டி ஓரிடத்தில் நிலைத்த பிறகு சுமப்பவர்களுக்கு வேலை இல்லை. அங்கேதான் தாவீதின் ஏற்பாடு வருகிறது (1 நாளாகமம் 23 முதல் 26 வரை). 38,000 லேவியர்: 24,000 பேர் ஆலய வேலைக்கு, 6,000 பேர் தலைவரும் மணியக்காரருமாக, 4,000 பேர் வாசலுக்கு, 4,000 பேர் கீதவாத்தியத்துக்கு. ஆசாரியர்கள் 24 வகுப்புகள். எலெயாசார் வழியில் 16, இத்தாமார் வழியில் 8. இங்கேதான் புதிதாக ஒன்று நுழைகிறது: சீட்டு. எந்த வகுப்பு முதலில், எது கடைசியில் என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். ராஜாவும் பிரபுக்களும் பார்த்திருக்க, செமாயா என்கிற லேவியன் எழுதிக்கொண்டான். பாடகர் 288 பேரும் பன்னிரண்டு பன்னிரண்டு பேராக 24 சீட்டு. பெரியவன் சிறியவன், ஆசான் மாணாக்கன் என்ற வித்தியாசமே இல்லை. வாசல்களுக்கும் சீட்டுதான். கிழக்கே நாளுக்கு 6 பேர், வடக்கே 4, தெற்கே 4, தெற்கைச் சேர்ந்த சரக்கறையில் இரண்டிரண்டு பேர், மேற்கே 6.

இந்த எண்ணிக்கைகளை அப்படியே தாவீது காலத்துக் கணக்காக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. நாளாகமம் பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து; தங்கள் காலத்து முறையையும் அதில் சேர்த்து எழுதியிருக்கலாம். எஸ்றா 2-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சிறையிருப்பிலிருந்து திரும்பின ஆசாரியர் 4,289 பேர், பாடகர் 128, வாசல் காவலாளர் 139, வெறும் லேவியர் 74. உதவியாளாகவே இருக்க ஊர் திரும்புவானேன் என்று பலர் பாபிலோனிலேயே தங்கியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

சீட்டின் அருமை, சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் கட்டிய இரண்டாம் ஆலயத்தில் நன்றாகத் தெரிகிறது. பலிபீடத்துச் சாம்பலை அள்ளும் வேலைக்கு ஆரம்பத்தில் ஓட்டப்பந்தயம்தான். பீடத்துக்கு ஏறும் சாய்தளத்தில் யார் முந்துகிறாரோ அவருக்கு. ஒரு நாள் இருவர் சமமாக ஓடி, ஒருவர் தள்ளிவிட, மற்றவர் கால் முறிந்தது. அன்றிலிருந்து அதற்கும் சீட்டு வைத்தார்கள் என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. தூபம் காட்டும் சீட்டில் அதுவரை அந்த வாய்ப்புக் கிடைக்காதவர்களை மட்டுமே சேர்ப்பார்கள். லூக்கா முதல் அதிகாரத்தில் அபியாவின் வகுப்பைச் சேர்ந்த சகரியாவுக்கு விழுந்தது அந்தச் சீட்டுதான். முதிர்ந்த வயதில் வந்த வாய்ப்பு. வெளியே ஜனங்கள் காத்திருக்க, உள்ளே தூதனைப் பார்த்துப் பேச்சிழந்தார் மனிதர்.

காவலுக்குச் சலுகை எதுவும் இல்லை. இரவில் 24 இடங்களில் ஆள் நிற்கும். 3 இடத்தில் ஆசாரியர், 21 இடத்தில் லேவியர். ஆலய மலையின் அதிகாரி தீவட்டிகளோடு சுற்றிவருவார். எழுந்து வாழ்த்தாமல் தூங்குகிறவனுக்குக் கம்படி. அவன் துணியைக் கொளுத்தவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

பிறப்பால் வந்த கோடு மட்டும் கடைசிவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆலயம் இடிவதற்குச் சில வருஷம் முன்பு லேவியப் பாடகர்கள் இரண்டாம் அகிரிப்பா ராஜாவிடம் போய், ஆசாரியர் மாதிரி நாங்களும் சணல்நூல் அங்கி உடுத்த வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வேறு வேலையில் இருந்த இன்னொரு பிரிவு பாட்டுக் கற்றுக்கொள்ள அனுமதி வாங்கியது. இதை எழுதிவைத்த முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், முன்னோர் சட்டத்துக்கு விரோதம் என்று பொருமுகிறார். அவர் முதல் வகுப்பான யோயாரீப் வழி வந்த ஆசாரியர். பொருமாமல் என்ன செய்வார்?

மிஷ்னாவையும் அதன் விளக்கங்களையும் கொண்ட தல்மூதில் இதற்கு நேர் எதிரான ஒரு சம்பவம் உண்டு. லேவியரான யோசுவா பென் அனனியா ஆலயக் கதவுகளைச் சாத்த ஒரு கை கொடுக்கலாம் என்று வாசல்காரரான யோவனான் பென் குட்கதாவிடம் போனார். "மகனே, திரும்பிப் போ, நீ பாடகரில் ஒருவன், வாசல்காரன் இல்லை" என்று அவர் அனுப்பிவிட்டார்.

கி.பி. 70-ல் ஆலயம் இடிந்ததோடு அந்த வேலைகள் எல்லாம் நின்றன. இன்றைக்கும் யூத ஜெப ஆலயங்களில் தோரா (மோசேயின் ஐந்து ஆகமங்கள்) வாசிக்க முதலில் ஆசாரிய வம்சத்தாரையும் அடுத்து லேவியரையும் கூப்பிடுவது வழக்கம். ஆசாரியர் ஆசீர்வாதம் கூறுமுன் அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றுவதும் லேவியர்தான். கோகாத்தா, மெராரியா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.