இன்ஜின் எங்கே இருக்கிறது? பழைய அமெரிக்கப் பந்தயக் கார்களை இனம் காணும் வழி

கேள்வி: ஆகஸ்டில் கலிபோர்னியாவின் லகுனா சேகா தடத்தில் நடக்கும் பழைய பந்தயக் கார் விழாவுக்குப் பத்து வயது மகனோடு போகிறேன். எந்தக் கார் எந்தக் காலத்தது, ஏன் அப்படி மாறியது என்று அவன் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எதைப் பார்க்க வேண்டும்? எங்கே நிற்க வேண்டும்?

பதில்: பெயரைத் தேடுவதற்கு முன் ஓட்டுநர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். முன்பக்கம் நீண்டு, ஓட்டுநர் பின்சக்கரத்தை ஒட்டி இருந்தால் இன்ஜின் முன்னால் இருக்கிறது. பந்தயத்துக்கென்றே கட்டிய காராக இருந்தால், அநேகமாக 1962-க்கு முந்தையது. ஓட்டுநர் முன்சக்கரங்களுக்கு அருகே நகர்ந்து, இன்ஜின் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அதற்குப் பிந்தையது. கோப்ரா, கொர்வெட், மஸ்டாங் மூன்றும் இந்தக் கணக்கில் வராது. அவை சாலைக் கார்களிலிருந்து பிறந்தவை என்பதால் இன்ஜின் முன்னாலேயே தங்கிவிட்டது. அடுத்து டயரைப் பாருங்கள். ஒல்லியாக இருந்தால் ஐம்பதுகள், உருளை போல அகன்றிருந்தால் அறுபதுகளின் கடைசி அல்லது எழுபதுகள்.

இனி, ஏன் மாறியது என்பது. போருக்குப் பின் அமெரிக்காவில் சாலைப் பந்தயம் 1948-ல் நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் ஊர்த் தெருக்களில் மறுபடி தொடங்கியது. முதல் பந்தயத்தில் வென்றது ஓர் இத்தாலிய ஆல்ஃபா ரோமியோ. வளைவில் திரும்பும் வித்தை ஐரோப்பியக் கார்களிடம் இருந்தது; அமெரிக்கர்களிடம் இருந்தது மலிவான, முரட்டு பலமுள்ள, எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின். அந்த பலத்தை வளைவிலும் பயன்படுத்துவது எப்படி என்பதுதான் அடுத்த இருபது ஆண்டுகளின் கேள்வி.

அமெரிக்கப் பந்தயக் குழு உரிமையாளர் பிரிக்ஸ் கன்னிங்ஹாமின் வெள்ளைக் கார்கள் கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். உடலில் நெடுக இரண்டு நீலப் பட்டைகள், உள்ளே கிரைஸ்லர் வி8. 1953-ல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய சி-5ஆர் நேர்சாலையில் மணிக்குச் சுமார் 250 கி.மீ. தொட்டது. ஆனாலும் மூன்றாம் இடம்தான். முன்னே போன இரண்டு ஜாகுவார்களிலும் டிஸ்க் பிரேக். கன்னிங்ஹாமிடம் பெரிய, ஆனால் சூடேறினால் தளரும் டிரம் பிரேக். வேகத்தில் தோற்கவில்லை, வேகத்தை அடக்குவதில் தோற்றார்.

1958-ல் அமெரிக்கர் லான்ஸ் ரெவன்ட்லோ கட்டிய ஸ்காராப் கார் வந்தது. குழாய்களால் ஆன சட்டகம் (சேஸி), செவர்லே வி8, அழகான நீல உடல். அந்த ஆண்டு கலிபோர்னியாவின் ரிவர்சைடு தடத்தில் ஓட்டுநர் சக் டேய்க் அதில் ஐரோப்பியக் கார்களை வென்றார். முன்பக்க இன்ஜின் அமெரிக்கக் கார்களில் இதுவே உச்சம் என்பது என் கருத்து. ஆனால் ஸ்காராப் குழு 1960-ல் ஃபார்முலா 1-க்குப் போனபோது, பிரிட்டனின் கூப்பர் இன்ஜினைப் பின்னால் வைத்து ஏற்கெனவே உலகப் பட்டம் வென்றிருந்தது. பாரம் நடுவிலும் தாழ்வாகவும் இருந்தால் கார் சட்டென்று திரும்பும். அந்த உண்மைக்கு முன் எவ்வளவு நேர்த்தியான முன்பக்க இன்ஜினும் எடுபடவில்லை.

உங்கள் மகன் ஒரே ஒரு பெயரை நினைவில் வைப்பதென்றால் அது சாப்பரலாக இருக்கட்டும். டெக்சஸ் மிட்லண்டில் ஜிம் ஹாலும் ஹாப் ஷார்ப்பும் கட்டியவை. ஜெனரல் மோட்டார்ஸ் 1963-ல் அதிகாரபூர்வமாகப் பந்தயத்திலிருந்து விலகிய பிறகும் செவர்லே பொறியாளர்கள் ஹாலுக்குச் சத்தமில்லாமல் கைகொடுத்தார்கள். தொடக்கத்தில் சட்டகம் ஃபைபர்கிளாஸ்; கிளட்ச் மிதி கிடையாது. அதனால் ஓட்டுநரின் இடது கால் ஓய்ந்தது. அந்தக் காலுக்கு ஹால் 1966-ல் ஒரு வேலை கொடுத்தார். சாப்பரல் 2இ காரின் பின்னால் உயரமான கம்பங்களில் ஓர் இறக்கை. கம்பங்கள் நேரே சக்கரத் தாங்கிகளில் ஊன்றியிருந்தன. நேர்சாலையில் இடது மிதியை அழுத்தினால் இறக்கை படுத்துக் காற்றுக்கு வழிவிடும். வளைவுக்கு முன் காலை எடுத்தால் சாய்ந்து, சக்கரங்களைத் தரையோடு அழுத்தும். அந்தக் காரின் ஒரே வெற்றி நீங்கள் போகப்போகும் லகுனா சேகாவில்தான்: 1966 அக்டோபரில், ஃபில் ஹில் ஓட்டியது.

1970-ல் வந்தது சாப்பரல் 2ஜே. தனி இன்ஜினால் சுழலும் இரண்டு விசிறிகள் காரின் அடியிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். வேக்குவம் கிளீனர் போலக் கார் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பந்தயம் எதையும் வெல்லாமலே, அந்தப் பருவத்தோடு தடை செய்யப்பட்டது. இதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

1966 முதல் 1974 வரை நடந்த கேன்-ஆம் (கனடிய-அமெரிக்க) பந்தயத் தொடரில் இன்ஜின் அளவுக்கு வரம்பே இல்லை. அந்தக் கார்களில் லோலா, மெக்லாரன் என்று பிரிட்டிஷ் பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். காரின் சட்டகம் பிரிட்டனில் பிறந்தது, இன்ஜின் பெரும்பாலும் செவர்லே.

ஒரு எச்சரிக்கை: கோப்ராவைப் போல நகல் எடுக்கப்பட்ட கார் குறைவு. கண்ணால் பார்த்து அசல் என்று நம்பிவிடாதீர்கள். உரிமையாளரிடம் சேஸி எண்ணையும் அது ஓடிய பந்தயங்களையும் கேளுங்கள். இன்ஜின் மாற்றப்பட்டிருப்பது சகஜம், குறையில்லை. பலர் மணிக்கணக்கில் மகிழ்ச்சியாகப் பேசுவார்கள்.

காலையில் கார்கள் நிறுத்தப்பட்டிருக்கும் பேடாக்கில் சுற்றுங்கள். இன்ஜின் மூடி திறந்திருக்கும் நேரம் அதுதான். பிறகு மேட்டில் ஏறி, கார்க்ஸ்க்ரூ எனப்படும் சரிவு வளைவருகே நில்லுங்கள். ஐம்பதுகளின் கார் அங்கே வால் ஆட்டிக்கொண்டு இறங்கும், கேன்-ஆம் கார் ஒட்டியபடி விழும். பிற்பகலில் கடைசி வளைவான 11-க்குப் போங்கள். அது மெதுவான வளைவு. யார் எவ்வளவு தாமதமாக பிரேக் போடுகிறார் என்பது அங்கே தெளிவாகத் தெரியும். பையனுக்குக் காது மூடி கட்டாயம். கேன்-ஆம் வரிசை கிளம்பும்போது நீங்களும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.