மீனும் முட்டையும் அம்மாவுக்கு ஆகாதா?

கேள்வி: ஐயா, அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ ஏற்றுகிறார்கள். ‘புரதத்தில் மெதைல் ஒட்டும் நொதியங்கள்தான் புற்றுநோயைக் கொண்டுவருகின்றன, அந்த மெதைல் மீன், முட்டையில் இருந்து வருகிறது’ என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்ப, வீட்டில் பெரியவர்கள் இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். அம்மா வெறும் கஞ்சியோடு இருக்கிறார். இது உண்மையா?
- ஒரு மகள், கோண்டாவில்

பதில்: பிள்ளை, டொக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஒழிய, முதலில் அம்மாவுக்கு ஒரு முட்டையை நன்றாக அவித்துக் கொடுங்கள். மிச்சத்தைப் பிறகு கதைப்போம்.

அந்தச் செய்தியில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் சிக்கல். மெதைல் என்பது ஒரு காபனும் மூன்று ஐதரசனும் சேர்ந்த சின்னத் துண்டு. அதைப் புரதங்களில் ஒட்டும் நொதியங்கள் எங்கள் எல்லாருடைய கலங்களிலும் எந்நேரமும் வேலை செய்கின்றன. ஒரு கலத்துக்குள் கிட்டத்தட்ட 2 மீற்றர் நீள டி.என்.ஏ. இருக்கிறது, பட்டம் ஏற்றுகிற பொடியன் நூலைக் கட்டையில் சுற்றுவது போல அது ஹிஸ்டோன் என்ற புரதங்களில் சுற்றப்பட்டிருக்கிறது, அந்தப் புரதங்களின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எச்3 என்ற ஹிஸ்டோனின் வாலில் 27ஆவது இடத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் மூன்று மெதைல் ஏறினால் நூல் இறுகி, அங்குள்ள பரம்பரை அலகுகள் மூடிக்கொள்ளும். அதே வாலில் 4ஆவது இடத்தில் மூன்று ஏறினால் அது திறந்திருப்பதற்கான அடையாளம்! ஆக, மெதைல் நஞ்சு இல்லை. எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

27ஆவது இடத்தில் ஒட்டுவது ஈ-இசட்-எச்-2 என்ற நொதியம். லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய்கள் சிலவற்றில் அது பிறழ்ந்து அளவுமீறி ஒட்டுகிறது, கலப்பிரிவுக்குப் பிரேக் போடும் அலகுகள் தங்கள் டி.என்.ஏ.யில் எழுத்துப் பிழை எதுவும் இல்லாமலே மூடுண்டு போகின்றன. ஆனால் வேறு சில இரத்தப் புற்றுநோய்களில் இதே நொதியம் பழுதாகி, ஒட்டாமல் விடுவதுதான் கேடு. ‘மெதைல் கூடினால் புற்றுநோய்’ என்று எழுதியவருக்கு இது தெரிந்திருக்காது.

இந்த நொதியத்தைத் தடுக்கும் டசெமெட்டோஸ்டாட் என்ற மாத்திரைக்கு 2020இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது, சார்கோமா எனப்படும் மென்னிழையப் புற்றுநோய்களில் அரிதான ஒன்றுக்கும் ஒருவகை லிம்போமாவுக்கும். அம்மாவின் நோய்க்கான மருந்து அல்ல அது. ஆனாலும் கவனியுங்கள், அந்த மருந்து போய் அடைப்பது நொதியத்தை, சாப்பாட்டை அல்ல.

சரி, மெதைலுக்கு மூலமான மெதியோனின் என்ற அமினோ அமிலம் மீனிலும் முட்டையிலும் இருப்பது உண்மைதான். பருப்பிலும் சோற்றிலும்கூடக் கொஞ்சம் இருக்கிறது, எதையெல்லாம் நிறுத்துவீர்கள்? கீமோ இரத்தக் கலங்களையும் குடலின் உட்தோலையும் சேர்த்தே அடிக்கிறது, அவற்றைத் திரும்பக் கட்ட உடம்பு புரதத்தைத்தான் தேடும். கஞ்சியோடு விட்டால் தன் தசையைக் கரைத்து எடுக்கும். பெரியவர்கள் பாசத்தில்தான் நிறுத்தியிருப்பார்கள், அவர்களோடு சண்டை பிடிக்காமல் இந்தப் பதிலை வாசித்துக் காட்டுங்கள்.

அம்மாவுக்கு வாயில் புண் இருந்தால் மிளகாயும் புளியும் போடாமல் விளைமீன் சொதி வைத்து, முள் எடுத்துக் குழைத்துக் கொடுங்கள். கிழமைக்கு ஒருமுறை நிறை பார்த்து எழுதி வையுங்கள், இறங்கியிருந்தால் அடுத்த கிளினிக் வரைக்கும் காத்திராமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.