மூத்த மகளா, இளைய மகனா: காஸ்டீல் பட்டத்துக்கு யார் வாரிசு?

கேள்வி: என் மனைவி ஸ்பெயினின் வயதோலித் நகரைச் சேர்ந்தவர். 15ஆம் நூற்றாண்டில் காஸ்டீல் (இன்றைய ஸ்பெயினில் இருந்த பழைய அரசு) மன்னர் வழங்கிய 'கோண்டே' என்ற பிரபுப் பட்டம் அவருடைய தந்தை வழியில் வந்தது. மாமனார் 2011இல் காலமானார். மூத்த பிள்ளை என் மனைவியே ஆயினும், அவருடைய தம்பி 2012இல் பட்டத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். பட்டம் ஆண் பிள்ளைக்கே உரியது, பிரபு குலத்தில் மணம் புரியாதவருக்கு உரிமையில்லை, குடும்பத்தின் பழைய வீடும் பட்டத்தோடு தனக்கே சேரும் என்கிறார். இது சரியா?

பதில்: உங்கள் மைத்துனரின் முதல் வாதமும் மூன்றாம் வாதமும் ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தன, இன்று அவை செல்லா. இரண்டாவது மட்டும், பட்டத்தை வழங்கிய அரச ஆவணமான பட்டயத்தின் வாசகத்தைப் பொறுத்தது.

பத்தாம் அல்போன்சோ மன்னர் 13ஆம் நூற்றாண்டில் தொகுப்பித்த 'சியேத்தே பார்த்திதாஸ்' என்ற சட்டத் தொகுப்பு, அரியணைக்கு மூத்த மகனையும், மகன் இல்லாதபோது மூத்த மகளையும் வாரிசாக்கியது. இந்த வரிசையே பிரபுக்களின் பட்டங்களுக்கும் வழக்காயிற்று. 1997இல்கூட ஸ்பெயினின் அரசமைப்பு நீதிமன்றம் ஆண் முன்னுரிமையைச் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. பல மூத்த மகள்களை வெறுங்கையோடு அனுப்பிய அந்தத் தீர்ப்பு எனக்கு இன்றளவும் ஏற்புடையதன்று. 2006ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டம் இந்த முன்னுரிமையை நீக்கியது. உங்கள் மாமனார் அதற்குப் பின் காலமானதால், பட்டம் மூத்தவரான உங்கள் மனைவிக்கே உரியது. முன் தலைமுறையில் மாமனாரே தம் அக்காவைத் தாண்டிப் பட்டம் பெற்றிருந்தாலும், முன்பே முடிந்துபோன அந்த வாரிசுமாற்றத்தை இச்சட்டம் கிளறாது.

இதில், காஸ்டீலின் தோரோ நகரில் 1505இல் பிறப்பிக்கப்பட்ட தோரோ சட்டங்களுக்கும் இடமுண்டு. அவற்றில் 45ஆவது, உரிமையாளர் இறந்த கணமே, யாரும் எதுவும் செய்யாமலே, உடைமை அடுத்த வாரிசைச் சென்றடைகிறது என்கிறது. ஆகவே மைத்துனர் பட்டத்தை மாற்றிக்கொண்டபோது அரசு அவருக்கு வழங்கிய வாரிசுக் கடிதம் உங்கள் மனைவியின் உரிமையை அழித்துவிடவில்லை. அத்தகைய கடிதங்கள் 'மேலான உரிமையுடைய மூன்றாம் நபருக்குப் பாதகமின்றி' என்ற வாசகத்தோடுதான் வழங்கப்படுகின்றன. அதை எடுத்துப் பாருங்கள்.

திருமணத்தைப் பொறுத்தவரை, பட்டயத்தைப் படிக்காமல் யாரும் பதில் சொல்லக் கூடாது. ஒவ்வொரு பட்டமும் வழங்கிய மன்னரின் வாசகத்துக்குக் கட்டுப்பட்டது. எடுத்துக்காட்டாக, மெதினா சிதோனியா கோமகன் பட்டம் 1445இல் வழங்கப்பட்டது. 1460இல் நான்காம் என்ரிக்கே மன்னர் அதை முறைமணத்தில் பிறவாத வழித்தோன்றல்களுக்கும் விரித்துக் கொடுத்தார். அதுபோலவே, வாழ்க்கைத்துணை பிரபு குலத்தவராக இருக்க வேண்டும் என்று வரையறுத்த பட்டயங்களும் உண்டு. அத்தகைய நிபந்தனை ஒன்று சமத்துவத்துக்கு முரணானதன்று என்று அரசமைப்பு நீதிமன்றம் 1982இல் கூறியுள்ளது. பட்டயத்தில் அப்படியொரு வரி இல்லையென்றால், நீங்கள் யார் என்பது இங்கு ஒரு பொருட்டேயன்று.

வீட்டின் நிலை வேறு. பட்டத்தோடு நிலத்தையும் மாளிகையையும் பிரிக்க முடியாதபடி கட்டிவைத்த 'மயோராஸ்கோ' முறை 1820ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டு, இடையில் நீக்கப்பட்ட அச்சட்டம் 1836இல் மீண்டும் உயிர்பெற்றது. பட்டம் வெறும் மரியாதையாகத் தனித்து நின்றது. சொத்து பொது வாரிசுச் சட்டத்துக்குள் வந்தது. வயதோலிதில் பொருந்தும் சிவில் சட்டத் தொகுப்பின்படி, மாமனாரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகச் சேர வேண்டும். இன்னொரு பங்கை வழித்தோன்றல்களுக்குள் விரும்பியபடி பிரிக்கலாம். கடைசிப் பங்கு மட்டுமே முழு விருப்பத்துக்கு உரியது. ஆகவே உயில் வீட்டை மகனுக்கே எழுதியிருந்தாலும், உங்கள் மனைவியின் கட்டாயப் பங்கு குறைந்ததா என்று கணக்கிட வேண்டும்.

நீதி அமைச்சகத்துக்கு மனு எழுதிக் காலத்தை வீணாக்காதீர்கள். இருவருக்கு இடையிலான மேலான உரிமையை முடிவு செய்வது சிவில் நீதிமன்றமே. 40 ஆண்டுகள் தடையின்றிப் பட்டத்தை வைத்திருப்பவருக்கு அதுவே உரிமையாகிவிடும் என்பதால் பட்ட வழக்குக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வீட்டுப் பங்குக்கு அந்த அவகாசம் கிடையாது, அதை முதலில் பாருங்கள். பட்டயத்தின் மூலம் குடும்பத்தில் இல்லையென்றால், வயதோலிதிலேயே உள்ள அரச சான்சில்லரி (பழைய உயர் நீதிமன்றம்) ஆவணக் காப்பகத்தில் அக்குடும்பத்தின் பழைய வழக்குக் கட்டுகளைத் தேடுங்கள். பிரபுக் குடும்பங்களின் வழக்குகளில் பட்டயத்தை வரிக்கு வரி படியெடுத்து இணைப்பது வழக்கமாக இருந்தது.