முட்டு வைக்கிற வேலைக்குக் கூலி யார் கொடுப்பது?

கேள்வி: நிலக்கரிச் சுரங்கத்தை வைத்து எழுதிய நல்ல நாவல் எதையாவது சொல்லுங்கள். மனிதர்களும் மண்ணும் படுகிற பாட்டை உள்ளபடி சொல்வதாக இருக்க வேண்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவன் இல்லை. நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம், தேவாலாவுக்குக் கிட்டே பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஊரில் கரி கிடையாது, தங்கம் உண்டு. உண்டு என்றால், 1880 வாக்கில் வெள்ளைக்காரர்கள் லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாக ஆரம்பித்து, பங்கு விற்று, மலையைக் குடைந்து, சில வருடத்திலேயே போட்ட காசு தேறாமல் விட்டுவிட்டுப் போன தங்கம். அவர்கள் வெட்டிய குழிகளும் குகைகளும் தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவே இன்னும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. அதற்குள் திருட்டுத்தனமாகப் போய்க் கல் உடைத்து வந்தவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். எஸ்டேட்டில் வேலை குறைந்த மாதங்களில் போவார். கல்லை இடித்துத் தூளாக்கி, தண்ணீரில் அலசி, பாதரசம் விட்டு வெறும் கையால் பிசைந்து, பிறகு அதை அடுப்பில் வைத்துச் சுடுவார், சித்தி சோறு வடிக்கிற அதே அடுப்பில். அந்தப் புகை என்ன செய்யும் என்று அப்போது எங்கள் லைன் வீட்டில் யாருக்கும் தெரியாது.

உள்ளே கூரை சரியாமல் இருக்க மரத்தால் முட்டு வைப்பீர்களா என்று ஒருமுறை கேட்டேன். "முட்டுக்கு மரம் வெட்டினா ஃபாரஸ்ட்காரன் பிடிப்பான், முட்டு வைக்காட்டி மண்ணு பிடிக்கும்" என்றார். ஒரு ஆடி மாத மழையில் மண் அவரையும் பிடித்தது, நல்லவேளை இடுப்பு வரைக்கும்தான். அதோடு நிறுத்திவிட்டார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். என் பதில் எமில் ஜோலாவின் ஜெர்மினல், 1885-இல் வந்த பிரெஞ்சு நாவல். பழசு, தடிப்புத்தகம், ஆனாலும் அதைத்தான் சொல்வேன். பலர் அதை வேலைநிறுத்தக் கதை, புரட்சிக் கதை என்று அறிமுகப்படுத்துவார்கள். எனக்கு அது முட்டு வைக்கிற கதை. கரி வெட்டுகிறவர்களுக்கு அங்கே கூலி வண்டிக் கணக்கில், எத்தனை வண்டி கரி மேலே போகிறதோ அத்தனைக்குக் காசு. கூரை தலையில் விழாமல் இருக்க மரமுட்டு வைப்பதும் அவர்கள் வேலைதான், ஆனால் அதற்கென்று தனியாகக் காசு இல்லை. அப்புறம் எவன் பொறுமையாக முட்டு வைப்பான்? அரை மணி நேரம் முட்டு வைத்தால் அரை மணி நேரக் கரி போச்சு, வீட்டில் ஏழு வயிறு காத்திருக்கிறது. முட்டு சரியில்லை என்று கம்பெனி அபராதம் போடுகிறது. கடைசியில், போனால் போகிறது, முட்டுக்குத் தனியாகவே கூலி தருகிறோம் என்று அறிவிக்கிறது, கூடவே வண்டிக்குத் தருகிற காசைக் குறைத்துவிடுகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் முன்பைவிடக் குறைவுதான் கைக்கு வரும். அங்கேதான் பொறி பற்றுகிறது. ஜோலா 1884-இல் ஆன்ஸான் என்ற ஊரில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே நேரில் போய், குழிக்குள்ளும் இறங்கிப் பார்த்தவர், அதனால்தான் இந்தக் கணக்கெல்லாம் அவ்வளவு கச்சிதமாக வந்து விழுகிறது.

முதல் அத்தியாயத்திலேயே ஒரு கிழவர் வருவார். எட்டு வயது முடிவதற்குள் குழியில் இறங்கியவர், மூன்று விபத்தில் தப்பியதால் 'நல்ல சாவு' என்று பட்டப்பெயர். ஐந்து வருடமாக உள்ளே இறங்கவே இல்லை, இருந்தும் இருமினால் கறுப்பாகத் துப்புகிறார். ரத்தமா என்று கேட்கிறான் புதிதாக வந்தவன். இல்லை, கரி.

அதைவிட என்னை உலுக்கியது குதிரைகள். அந்தக் காலத்தில் குழிக்குள் வண்டி இழுக்கக் குதிரையைக் கீழே இறக்கிவிடுவார்கள், அப்புறம் அதற்கு வெளிச்சமே கிடையாது. பத்தாய் என்று ஒரு கிழட்டு வெள்ளைக் குதிரை, பத்து வருடமாகக் கீழே. ஒருநாள் புதுக்குதிரை ஒன்றைக் கட்டி இறக்குகிறார்கள், பத்தாய் அதன் பக்கத்தில் போய் மோந்து மோந்து பார்க்கிறது, அதன் உடம்பில் மேலே இருக்கிற புல் வாசனை. இந்த இடத்தைச் சித்தப்பாவிடம் கதையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தப் புதுசையாவது மேல கொண்டுவந்தாங்களா?" என்றார். கொண்டுவந்தார்கள் சித்தப்பா, செத்த பிறகு என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

(கதை முடிவில் என்ன ஆகிறது என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் வருகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

மண்ணும் படுகிற பாடு என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்கு ஜெர்மினல் போதாது. ரிச்சர்ட் லூவெலின் 1939-இல் எழுதிய ஹவ் க்ரீன் வாஸ் மை வேலி படியுங்கள். வேல்ஸ் நாட்டில் ஒரு பள்ளத்தாக்குக் குடும்பம். கரியோடு வருகிற கழிவுக் கல்லையும் மண்ணையும் ஊருக்கு மேலே கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள், அது வருடா வருடம் வளர்ந்து, கடைசியில் கதை சொல்கிறவனின் வீட்டுச் சுவரையே நெருக்குகிறது. நாவலாகப் பார்த்தால் கொஞ்சம் சர்க்கரை தூக்கல், அம்மா அப்பா எல்லாரும் அவ்வளவு நல்லவர்கள். ஆனால் அந்த மேட்டை அவர் இட்டுக்கட்டவில்லை. 27 வருடம் கழித்து, 1966 அக்டோபர் 21 காலையில், அதே வேல்ஸில் அபெர்வான் என்ற ஊருக்கு மேலே கொட்டி வைத்திருந்த மேடு மழையில் ஊறிச் சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் செத்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். அந்த மேட்டை நீரூற்றின் மேலேயே கொட்டியிருந்தார்கள். மீதி மேடுகளை அகற்றுகிற செலவில் ஒரு பங்கை, அந்தக் குழந்தைகளுக்காக ஜனங்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே எடுத்தார்கள். ஒன்றரை லட்சம் பவுண்டு. அதைத் திருப்பிக் கொடுக்க 1997 ஆயிற்று. கேரளத்தில் வயநாட்டுச் சூரல்மலை எங்கள் ஊரிலிருந்து தூரமில்லை, 2024 ஜூலையில் அங்கே மலை சரிந்து வந்து பள்ளிக்கூடத்தையும் அடித்து நொறுக்கியதைப் பார்த்தவர்கள் நாங்கள். அங்கே சுரங்கக் கழிவு ஏதும் இல்லை, காரணம் வேறு, ஆனாலும் மழைக்காலத்தில் மேட்டுக்குக் கீழே இருக்கிற பள்ளிக்கூடம் என்று எங்கே படித்தாலும் எனக்குப் புத்தகத்தை மூடத் தோன்றுகிறது.

நம் நாட்டில் என்றால், ஜார்க்கண்டின் ஜரியா வட்டாரத்தை வைத்து இலியாஸ் அஹ்மத் கத்தி என்பவர் உருதுவில் எழுதிய ஃபயர் ஏரியா என்ற நாவல், சாகித்ய அகாதமி விருது வாங்கியது. ஜரியாவில் 1916-லிருந்து பூமிக்கடியில் கரி எரிந்துகொண்டிருக்கிறது, அதற்கு மேலேதான் வீடு, கடை, கோயில் எல்லாம். 1975-இல் நடந்த சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்க விபத்தை அடிப்படையாக வைத்து இந்தியில் காலா பத்தர் என்று படம் வந்தது, பார்க்கலாம், ஆனால் ஹீரோவுக்குச் சண்டை போடவே நேரம் சரியாக இருக்கிறது.

இன்னொரு விஷயம், இதைப் படிக்கிற யாராவது நெய்வேலியை வைத்து எழுத நினைத்தால், தயவுசெய்து விளக்கு மாட்டிய தொப்பியையும் இருட்டுச் சுரங்கப் பாதையையும் கொண்டுவராதீர்கள். அது திறந்தவெளிச் சுரங்கம். அங்கே எதிரி கூரை இல்லை, தரை. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது, அதை இராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் குழியின் அடி பொத்துக்கொண்டு கிளம்பாமல் இருக்கும். அப்படி இறைக்கிற தண்ணீர் சுற்றுப்பட்டு ஊர்க் கிணறுகளுக்கும் சொந்தம். ஒரு காலத்தில் குழாய் இறக்கினால் மோட்டாரே இல்லாமல் தானாகப் பொங்கிய பூமி அது. கதை அந்தக் கிணற்றடியில் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் ஆசை.

எதை முதலில் என்று கேட்டால், ஜெர்மினல்தான். காப்புரிமை முடிந்துபோனது, ஹேவ்லாக் எல்லிஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு ப்ராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் ஐம்பது பக்கம் பெயர்கள் குழப்பும், யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் செய்தேன்.