ஆரம்பகால இஸ்லாமிய மட்பாண்டங்கள் சீனப் பீங்கானின் நகல்தானே, அதில் அவர்களுடையது என்று என்ன இருக்கிறது?

நகல் எடுக்கத்தான் உட்கார்ந்தார்கள், அது உண்மை. 9ஆம் நூற்றாண்டில், அப்பாசியக் கலீஃபாக்கள் ஆண்ட ஈராக்குக்குச் சீனாவின் வெள்ளைப் பாண்டங்கள் கப்பலில் வந்து இறங்கின. அங்கே பாஸ்ரா நகரக் குயவர்களுக்கும் அந்த வெண்மை வேண்டியிருந்தது. ஆனால் அவர்களிடம் இருந்தது சுண்ணாம்பு கலந்த, வெந்தால் மஞ்சள் பூக்கிற களிமண். பீங்கான் சூளையின் வெப்பத்தை அது தாங்காது, உருகிச் சரிந்துவிடும்.

நான் சில வருடங்களாக ஓய்வு நேரத்தில் மண் வனைகிறேன். ஒருமுறை செம்மண் கிண்ணத்தில் வெள்ளை கிளேஸ் (சுட்டால் கண்ணாடி போலப் படியும் பூச்சு) பூசி, மின்சாரச் சூளையில் வைத்துச் சுட்டேன். திறந்து பார்த்தால் பூச்சு ஆங்காங்கே சுருண்டு, மண் வெளியே தெரிந்தது. விறகையும் கண்ணையும் நம்பி அதைச் சாதித்தவர்கள் மேல் அன்று வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

அவர்கள் கண்ட வழி வெள்ளீயம். கிளேஸில் வெள்ளீய ஆக்சைடைக் கொஞ்சம் சேர்த்தால் அதன் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும். கண்ணாடி மாதிரி இருக்கும் பூச்சு பால் போல வெளுத்து, அடியில் உள்ள மஞ்சளை மூடிவிடும். அந்த வெள்ளையில் கோபால்ட் நீலத்தால் எழுதவும் தொடங்கினார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கிண்ணத்தின் நடுவில் 'கிப்தா' என்ற அரபுச் சொல் மட்டும் இரண்டு முறை இருக்கிறது. மகிழ்ச்சி என்று பொருள். வேறு சில கிண்ணங்களில் 'இன்னார் செய்தது' என்று குயவரே பெயர் எழுதி வைத்திருக்கிறார்.

என்னை அசரவைப்பது அப்புறம் வந்த பொன்மினுக்குப் பாண்டம்தான். எகிப்திலும் சிரியாவிலும் கண்ணாடி வேலை செய்தவர்களின் வித்தை அது. பாஸ்ராவில் மண்ணுக்கு வந்தது. ஏற்கெனவே சுட்டு முடித்த வெள்ளைக் கிண்ணத்தில், வெள்ளி, செம்புச் சேர்மங்களைக் காவிமண்ணோடு குழைத்து ஓவியம் தீட்டுவார்கள். மறுபடி சூளை. இந்த முறை குறைந்த சூடு, காற்றை அடக்கி நல்ல புகை. புகை ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, உலோகம் கிளேஸின் மேற்பரப்பிலேயே மெல்லிய படலமாகத் தங்கிவிடும். ஆறியதும் காவியைத் துடைத்தால் உள்ளே பொன் மின்னும். புகை கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ முதல் சூட்டில் நன்றாக வந்த கிண்ணமும் வீண். துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலில், மிஹ்ராபை (தொழும் திசையைக் காட்டும் மாடம்) சுற்றிப் பதித்த 9ஆம் நூற்றாண்டு ஓடுகள் இன்றும் அப்படி மின்னுகின்றன.

சரி, நகல் விஷயத்துக்கு வருகிறேன். 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 9ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்று கிடைத்தது. சுமார் 60,000 சீனப் பாண்டங்கள். அவற்றில் மூன்று தட்டுகள் வெள்ளையில் நீலம். செய்தது சீனா, வரைந்திருக்கும் கோலமோ ஈராக் கிண்ணங்களில் இருப்பது. 14ஆம் நூற்றாண்டில் சீனாவின் ஜிங்டெஜென் நகரக் குயவர்கள் புகழ்பெற்ற நீலவெள்ளைப் பீங்கானைச் செய்தபோது, அதற்கான கோபால்ட் ஈரானிலிருந்து போனது.