உவர் நிலத்தில் பாரம்பரிய நெல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

உப்பே ஏறாத நெல் என்று ஒன்று கிடையாது. ஏறிய உப்பைக் குருத்துக்கு விடாமல் எங்கே நிறுத்துகிறது என்பதுதான் ரகத்துக்கு ரகம் மாறுகிறது.

உப்பிலிருந்து வேருக்குள் நுழையும் சோடியம் தண்ணீரோடு சேர்ந்து மேலே ஏறும். வங்கத்தின் நோனா போக்ரா ரகத்தில், ஏறுகிற வழியிலேயே அந்தச் சோடியத்தை இழுத்து நிறுத்தும் மரபணு ஒன்றை 2005இல் கண்டறிந்தார்கள். அதற்கும் தப்பி வருவதைப் பயிர் தன் அடி இலைகளிலும் இலை உறைகளிலும் தேக்கிவைக்கிறது. வயலில் குனிந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: அடி இலைகளின் நுனி வெளுத்துச் சுருண்டிருக்கும், நடுக்குருத்து பச்சை மாறாமல் நிற்கும். அடி இலை காய்வதைக் கண்டு பயிர் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். குருத்து வாடினால்தான் கவலைப்பட வேண்டும்.

பயிருக்கு வேண்டிய சத்தான பொட்டாசியத்தின் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்வது இன்னொரு தொல்லை. தாங்கும் ரகங்கள் பொட்டாசியத்தைக் கைவிடுவதில்லை. கேரளத்தின் பொக்காளி போன்ற ரகங்கள் மளமளவென்று உயரமாக வளர்வதால், உள்ளே வந்த உப்பும் செடி முழுவதும் பரவி நீர்த்துவிடுகிறது.

ஆனால் எந்த நெல்லுக்கும் இரண்டு பருவங்கள் கண்டம்: இளநாற்றும் பூக்கும் காலமும். செடியின் திறமை மட்டும் இங்கே போதாது, விவசாயியின் கணக்கும் வேண்டும். கேரளத்தின் எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் கடலோரப் பொக்காளி வயல்களில் கோடையிலேயே மண்ணைக் குவித்து மேடுகள் போடுகிறார்கள். ஜூன் மழை மேட்டிலிருக்கும் உப்பைக் கழுவி இறக்கிய பிறகு, முளைகட்டிய விதையை மேட்டின் மேலேயே விதைக்கிறார்கள். நாற்று வளர்ந்ததும் மேட்டை வெட்டி, மண்கட்டியோடு வயலெங்கும் பரப்புகிறார்கள். வேர் மண்ணைவிட்டுப் பிரிவதே இல்லை. கடல்நீர் திரும்ப ஏறுவதற்குள் கதிர் முற்றிவிடும். கதிரை மட்டும் அறுத்துத் தாளை விட்டுவிடுவார்கள். அது மக்கி, அடுத்து அதே வயலில் வளரும் இறாலுக்குத் தீனியாகிறது. எனக்குத் தெரிந்து உப்போடு இவ்வளவு நேர்த்தியாக ஒத்துப்போகும் வேளாண்மை வேறில்லை.

அதனால்தான், விதை மட்டும் வாங்கி நினைத்த மாதத்தில் விதைப்பவர்களைப் பார்த்தால் மனம் பதைக்கிறது. முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். உப்பு கரைந்து கிடக்கும் உவர் நிலமா, சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்ட களர் நிலமா என்று தெரிய வேண்டும். உவரை நல்ல நீரால் கழுவி வடிக்கலாம். களருக்கு ஜிப்சமும் வேண்டும். உவர் தாங்கும் ரகம் களரையும் தாங்கும் என்று நம்பி இறங்க வேண்டாம். இந்த ரகங்கள் பலவும் உயரமானவை, உரம் கூடினால் சாய்ந்துவிடும். விளைச்சலும் புதிய ரகங்களைவிடக் குறைவுதான். முதல் பருவத்தில் ஒரு மூலையில் மட்டும் போட்டு, பூக்கும் சமயத்தில் வயல்நீரின் உப்பை அளந்து பாருங்கள். பதர் மிகுந்தால் அடுத்த முறை விதைப்பை முன்னே பின்னே நகர்த்திப் பார்க்கலாம்.